பூ மட்டும் பூக்கும் மரம்

ஜனவரி 12

மாப்பிள்ளைக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் வராததற்குத் தபால்காரரைத் திட்டாதீர்கள். முதல் கடிதத்தைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன். இரண்டாவதைப் படித்துவிட்டு, இன்னொரு முறையும் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து எழுதும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

மூன்றாவது வருஷமாகத் தோப்பில் எல்லா மரங்களும் பாளை விட்டும் ஒரு பேரீச்சம்பழம்கூடக் கைக்கு வரவில்லை, பட்டாணி அளவுக்குத் திரண்டதெல்லாம் உதிர்ந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாம்பல் போட்டீர்களாம். உப்பு போட்டீர்களாம். அடிமரத்தில் ஆணி அறைந்தீர்களாம். யாரோ ஓர் அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே "மண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த உப்பு மண்ணில் தானியம் நிற்காது, பேரீச்சை நிற்கும் என்று முதலில் சொன்னவன் நான். நல்ல தாய் மரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் அடியில் முளைத்த பக்கக் கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி, லாரியின் பின்னால் கன்றுகளோடு கன்றாக உட்கார்ந்து ஊருக்குக் கொண்டுவந்தவன் நான். மரம் காய்க்கத் தொடங்கிவிட்டால் நிவாரண தானிய லாரியை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம் என்று உங்களையெல்லாம் நம்பவைத்தவனும் நான்தான்.

ஏன் காய்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்ல ஏற்கெனவே ஒரு தடவை எழுந்து நின்றேன். நினைவிருக்கிறதா? பம்பு ரூம் வாசலில் தோப்புக் குழுக் கூட்டம். பம்பு மெக்கானிக் நீங்கள்; தண்ணீர் உங்கள் கையில், அதனால் குழுவின் தலைமையும் உங்கள் கையில். மளிகைக் கடைக்காரர் என்னைக் கேட்டார்: "சார், ஊருக்கே மரம் நடச் சொல்றீங்க. உங்க வீட்டு முற்றத்துல நிக்குதே ஒரு மரம், அது இத்தனை வருஷமா ஒத்தப் பழம் தரலையே. அதை எதுக்கு வச்சிருக்கீங்க?"

நல்ல கேள்வி. பதில் சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அது பூ மட்டும்தாங்க பூக்கும். வாத்தியார் வீட்டுல எல்லாமே அப்படித்தானே!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் மனைவி எல்லோருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். பிள்ளையில்லாதவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். கையிலிருந்த குடத்தை அங்கேயே தரையில் வைத்துவிட்டு நடந்தாள். உங்கள் மனைவி, என் கூடப்பிறந்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பார்த்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு, இந்த நகரத்து விவசாயக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு ஊரில் எனக்குப் 'பூ வாத்தியார்' என்று பெயர் வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

பதில் வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். அதே பம்பு ரூம் வாசலில், அதே ஆட்களைக் கூட்டி, அன்று சொன்னதை ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொல்லுங்கள். பிறகு, சொன்னது கேவலம் என்றும் நீங்களே சொல்லுங்கள். அதுவரை இவ்வளவுதான் சொல்வேன்: நீங்கள் தேடும் பதில், பூட்டிய என் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பம்பு ரூமுக்குப் போகிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


ஜனவரி 27

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பம்பு ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டினேன். அன்றைக்கு இருந்தவர்களில் செத்தவர்கள் தவிர மற்ற எல்லோரும் வந்தார்கள். உங்கள் தங்கையும் நின்றாள். அந்த வார்த்தையை அப்படியே, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மச்சான், மறுபடியும் சிரித்துவிட்டார்கள்.

சத்தியமாக நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. "சிரிக்காதீங்கய்யா, நான் பேசினது கேவலம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். "நம்ம பம்பு இன்னிக்கு நல்ல மூடுல இருக்கான்டா" என்றார் கடைக்காரர். என் மூஞ்சி அப்படி. அழுதாலும் கோமாளித்தனம் என்றுதான் நினைக்கிறார்கள். எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள் என்று உங்களுக்கு எழுதியிருக்கலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் எழுத மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம். இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். உங்கள் வீட்டு முற்றத்தில் அந்த மரம் இல்லை. நீங்கள் கிளம்பிப் போன கொஞ்ச நாளிலேயே வெட்டிவிட்டோம்.

பம்புக்கும் தோப்புக்கும் நடுவில் அந்தப் பெரிய பள்ளம் இருக்கிறதே, அதைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோகக் குழாய் கிடைக்கவில்லை. கன்றுகள் வாட ஆரம்பித்தன. அப்போது கடைக்காரர்தான், "பழம் தராத மரம், தண்ணியாவது தரட்டுமே" என்றார். சுவர் ஏறிக் குதித்தோம். அடிமரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, பள்ளத்தின் குறுக்கே தொட்டி மாதிரிப் போட்டோம். இன்றுவரை தோப்புக்குத் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடுகிறது. முதல் வெட்டு வெட்டியது நான்.

மரத்துக்கு என்ன நஷ்டஈடு கேட்டாலும் தருகிறோம். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த மரத்துக்கும் தோப்பு காய்க்காததற்கும் என்ன சம்பந்தம்?

தானிய லாரி ஏப்ரலோடு நிறுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். செங்கல் சூளைக்காரர் தோப்பு மண்ணைக் கேட்கிறார். மரங்களைப் பிடுங்கிவிட்டு மண்ணைத் தோண்டிக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய மார்ச் பத்தாம் தேதி கூட்டம். பாதிப் பேர் சரி என்கிறார்கள். தோண்டிவிட்டால் அப்புறம் அந்த இடம் வெறும் குட்டைதான்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 5

பம்பு மெக்கானிக்குக்கு,

இனி உனக்கு 'நீங்கள்' கிடையாது.

ஒரு பழம்கூட இல்லை என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இல்லாவிட்டாலும், காற்றாவது ஒரு கொத்தைக் காய்க்க வைத்திருக்கும். மரம் நின்றிருந்தால்.

கேட்டுக்கொள். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தாய் மரத்தடியில் எடுத்த கன்று தாயைப் போலவே பெண்ணாகத்தான் வளரும். பழத்துக்காகத்தான் தோப்பு முழுக்கப் பெண் மரமாகப் பார்த்து நட்டேன். அத்தனைக்கும் சேர்த்து ஓர் ஆண் மரம் போதும். அது பழம் தராது. வருஷா வருஷம் பூ மட்டும் பூக்கும். அந்தப் பூச்சரத்தைப் பறித்துப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டினால், அதிலுள்ள மகரந்த மாவு பட்டுக் காய் நிற்கும். முதல் பாளை வெடிக்கும்போது உங்கள் எல்லோரையும் நிறுத்திச் செய்து காட்டலாம் என்றிருந்தேன். கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொல்லவிருந்த பதில் இதுதான்.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம், என் மனைவி தின்றுவிட்டுத் துப்பிய கொட்டை அது. பாத்திரம் கழுவும் இடத்தில் முளைத்தது. கழுவிய தண்ணீரிலேயே வளர்ந்தது. முதல் பூ வந்ததும் இது ஆண் என்று சொன்னேன். வெட்டிவிடவா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், நிழலுக்காச்சும் ஆகும்" என்றாள். பிறகு ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கையில் ஓர் ஆண் மரம் இருக்கும்போது ஊருக்கே ஒரு தோப்பு வைக்கலாமே என்ற எண்ணம் வந்தது. அந்த மரம் இல்லையென்றால் உங்களுக்குத் தோப்பே இல்லை.

அதைத்தான் வெட்டினாய். புருஷனின் பிணத்தைக் குடைந்து, அதன் வழியாகப் பெண்டாட்டிகளுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறாய். இத்தனை வருஷமும் நன்றாகத் தளதளவென்று வளர்த்தும் இருக்கிறாய். நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் உங்களுக்கு இப்படி ஒரு தண்டனை என் மூளைக்கு எட்டியிருக்காது.

இதைச் சொல்வது உதவி என்று நினைத்துவிடாதே. தெரியாமல் பட்டினி கிடப்பதைவிடத் தெரிந்து கிடப்பது கஷ்டம், அதற்காகச் சொல்கிறேன். இங்கே கல்லூரிப் பண்ணையில் ஆண் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பாளை வெடிக்கும் பருவம் வந்துவிட்டது. மாவு பறந்து என் சைக்கிள் சீட்டெல்லாம் வெள்ளையாகிவிடும். துடைத்துவிட்டு ஏறிப் போவேன். ஒரு சிட்டிகைகூட உங்களுக்கு வராது. சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் ஆண் மரம் கிடையாது. தேடி அலைய வேண்டாம்.

செங்கல் சூளைக்காரருக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

இப்படிக்கு,
பூ வாத்தியார்


பிப்ரவரி 16

மச்சானுக்கு,

'நீ' என்று எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் அப்பாவுக்குப் பிறகு என்னை நீ என்று திட்ட ஆளில்லாமல் இருந்தது.

உங்கள் கடிதத்தைக் கூட்டம் போட்டுப் படித்தேன். பிணம் என்று எழுதிய இடத்தையும் விடவில்லை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் முளைத்தது என்ற வரி வந்ததும் பெண்கள் பக்கம் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். கடைக்காரரைப் பிறகு பள்ளத்துப் பக்கம் பார்த்தேன். தொட்டித் தண்ணீருக்குள் கையை விட்டு, அடியிலிருந்த மரத்தைத் தொட்டபடி நின்றிருந்தார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. "என்னண்ணே?" என்றேன். "வாயாலேயே ஒரு ஊரைக் கொளுத்திட்டோம்டா பம்பு" என்றார்.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. "பூ வாத்தியார் கோவம் ஆறுற வரைக்கும் வயிறு காத்துக்கிட்டு இருக்குமா? பிடுங்கித் தொலைங்க" என்று கத்தினவர்களும் உண்டு. தோப்பின் ஓரத்தில் மண் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அங்கே வருகிறேன். நீங்கள் பேச வேண்டாம். கல்லூரி வாசலில் நிற்கிறேன். ஒரு சாக்கு கொண்டுவருகிறேன், அதில் என்ன போட்டாலும் சரி. செருப்பைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் தங்கையைக் கூட வரச் சொன்னேன். உங்களிடம் எதையும் கேட்க மாட்டாளாம்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 21

வந்தாய். நின்றாய். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்றாவது வகுப்பு முடியும்வரை நின்றாய். காவலாளியிடம் உன் அடையாளம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்: காதில் பென்சில், சட்டையில் கிரீஸ், வேண்டாத நேரத்தில் வாய். அவன் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். வெறும் சாக்கோடு நீ பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இனி வராதே. கடைக்காரர் தண்ணீரில் கை விட்டு நின்றதாக எழுதியிருந்தாய். அது நன்றாக இருந்தது. அதைப்போல வேறு ஏதாவது இருந்தால் எழுது.

ஒருத்தி சிரித்தாளே. அவள் என்ன சொல்கிறாள்?

பூ வாத்தியார்


மார்ச் 1

மச்சானுக்கு,

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, சிரிச்சேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்க முடியாது. வேற வீட்டைப் பத்திச் சொல்லியிருந்தா அண்ணனும்தான் சிரிச்சிருப்பாரு. கோடாலி எடுத்தப்ப நான் சிரிச்சேனான்னு அவரை உங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க."

இதை முன்பே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எனக்கு அசிங்கம் என்பதால் விட்டுவிட்டேன். மரத்தை வெட்டப் போன அன்று, கோடாலியைக் கீழே வைத்துவிட்டு நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இவள் வந்து கோடாலிமேல் உட்கார்ந்துவிட்டாள். "இது அண்ணி வளத்த மரம். யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், நகரவில்லை.

நாங்கள் வேறு கோடாலி எடுத்துவந்தோம்.

மரம் விழுந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்வரை அந்த முதல் கோடாலிமேலேயே இருந்தாள். அதற்குப் பிறகு தொட்டியில் ஓடும் தண்ணீரை அவள் குடித்ததே இல்லை. பழைய கிணற்றுக்குத்தான் போகிறாள். தண்ணீர் ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

பெண் பாளைகள் வெடிக்க ஆரம்பித்துவிட்டன. பூ எவ்வளவு நாள் தாங்கும் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இவள் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போய், மண் தோண்டும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள். ஓட்டுகிறவன் என்னிடம் வந்து, "அண்ணே, உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றான். "நீ வேற வண்டி எடுத்துட்டு வாடா, நாங்க அப்படித்தான் பண்ணோம்" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதையெல்லாம் உங்களை இளகவைக்க எழுதவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 5

உன் கடிதத்தை இந்த முறை என் மனைவி பிரித்துவிட்டாள். இதுவரை எதையும் அவளிடம் நான் காட்டியதில்லை. படித்துவிட்டு, இழுப்பறையிலிருந்த மற்றவற்றையும் எடுத்துப் படித்தாள். நான் உனக்கு எழுதியவற்றின் நகல்களையும் படித்தாள்.

"நம்ம மரத்துல இப்பத் தண்ணி ஓடுதாமே?" என்றாள்.

"ஆமா."

"பரவால்ல. சும்மா கெடக்கல."

பிறகு கடிதங்களை மடித்துக்கொண்டே, "இத்தனை கோவமும் எனக்காகத்தானா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். எனக்காகவும்தான் என்றேன். "அப்ப உங்க பங்கை நீங்க வச்சுக்கங்க. என் பங்கு போதும், விட்டுட்டேன்" என்றாள்.

என் பங்கை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை மறக்காமல் மேலே படி.

இந்தப் பெட்டியில் இருப்பவை ஆண் பூச்சரங்கள். பண்ணையில் கேட்டு வாங்கி, முன்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, செய்தித்தாளில் பரப்பி உலர்த்தினோம். சரம் சரமாகப் பிரித்தது அவள். கையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஈரம் படாமல் வை. பெண் பாளை வெடித்தவுடன் இரண்டு மூன்று சரங்களைத் தலைகீழாக நடுவில் செருகி, ஓலைக் கீற்றால் தளரக் கட்டு. இறுக்கினால் அழுகிவிடும். பூ சில நாள்தான் தாங்கும். பெட்டி வந்து சேரும் அன்றே ஆரம்பி. பத்தாம் தேதிக் கூட்டத்தில் யாராவது வாய் திறந்தால், தோப்புக்கு அழைத்துப்போய்க் கட்டிய பாளைகளைக் காட்டு, காய் பட்டாணி அளவைத் தாண்டிப் பெருக்கும்வரை பொறுக்கச் சொல்.

முதல் மரத்தை என் தங்கை கட்டட்டும். சிரித்ததை நான் மறக்கவில்லை. இது கோடாலிக்காக.

மற்ற எல்லா மரத்தையும் நீயே கட்ட வேண்டும். வேறு ஒருவர் கை படக் கூடாது. மரங்கள் இன்னும் உன் உயரத்துக்குத்தான் இருக்கும், ஏற வேண்டிய வேலை இல்லை. ஆனால் மட்டையடி முழுக்க ஊசி ஊசியாக முள். கையுறை போட்டுக்கொண்டு செய்யலாம். நீ போடாமல் செய்.

ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு கன்றுகள் சரக்கு லாரியில் வரும். இரண்டும் ஆண். அவற்றைத் தோப்பில் நடாதே. பம்பு ரூம் வாசலில், அன்று நீ நின்று பேசிய இடத்தில் நடு. ஒன்று பட்டுப்போனாலும் மற்றது நிற்கும். அவை பூக்கும்வரை வருஷா வருஷம் இங்கிருந்து ஒரு பெட்டி வரும். உன்னை வாசலில் நிற்கவைக்க எனக்கு இனி நேரமில்லை. நீ வர வேண்டாம்.

தோப்பு காய்த்துவிட்டால் ஊர் இதையெல்லாம் சீக்கிரம் மறந்துவிடும். வயிறு நிறைந்தவர்களுக்கு ஞாபகம் குறைவு. ஆனால் பம்பு ரூம் வாசலில் அந்த மரங்கள் நிற்கும். ஒரு பழம் தராது. புதிதாக ஊருக்கு வருகிறவன் கேட்பான். வாழ்க்கைப்பட்டு வருகிறவள் கேட்பாள். "இது எதுக்கு வச்சிருக்கீங்க, பூ மட்டும் பூக்குது?" என்பார்கள். நீ எழுந்து பதில் சொல்ல வேண்டும். கேட்கிற ஒவ்வொருவருக்கும், முதலிலிருந்து முழுசாக: நீ சொன்ன நையாண்டி, இரண்டு கோடாலி, தொட்டி எல்லாம். அன்று என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்ட பதிலை உன் ஆயுசு முழுக்க நீயே சொல்லிக்கொண்டிரு. நான் உனக்குக் கொடுக்கும் தண்டனை இது. பாதியில் யாராவது சிரித்தால், திரும்ப முதலிலிருந்து சொல்.

பழம் வந்தால் எனக்கு அனுப்பாதே. என் மனைவிக்கு அனுப்பலாம். கேட்டாள்.

'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தச் சொல்லையும் அடித்துவிட்டேன். மைத்துனன் என்று போட்டால் உறவு ஒட்டிவிட்டது என்று நீ எல்லோரிடமும் சொல்லித் திரிவாய். பூ வாத்தியார் என்று இரண்டு தடவை போட்டேன், அது கோபத்தில் போட்டது. அந்தப் பெயர் இனி அந்த இரண்டு மரங்களுக்கு. "உங்க சொந்தப் பேரைப் போடுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?" என்கிறாள் இவள். பெயர் போட்டால் நன்றி என்று ஒரு கடிதம் வரும். நன்றி வந்தால் மன்னிப்பும் கூடவே உள்ளே நுழைந்துவிடும். இரண்டுக்கும் இந்த வீட்டில் இடமில்லை.

தபாலாபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இவள் பெட்டியைக் கட்டி முடித்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கையெழுத்து இல்லாமலே போடப் போகிறேன்.